ஜாம்ஷெட்பூரின் எல்லைக்கோடு

ஒரு தொழில் நிறுவனம் ஓர் ஊரை வளர்த்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கட்டடங்களில் தொடங்குவார்கள். ஆலை, குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், பூங்கா, விளையாட்டரங்கம் என்று பட்டியல் நீளும். ஜாம்ஷெட்பூரைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் மெய்யாகவே பெரியது. அதைச் சுருக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. ஆனால் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் ஒரு கணக்குக்கு விடை கிடைப்பதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாம்ஷெட்பூர் நகரத்தில் இருந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து எண்ணிய நகரத் தொகுப்பில் இருந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். திட்டமிட்ட தொழில் நகரம் என்று பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்லும் இடத்தை நம்பிப் பிழைப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தத் திட்டத்துக்கு வெளியே குடியிருக்கிறார்கள். உள்ளே எண்ணப்பட்டவர்களிலும் கணிசமானோர் எந்த வரைபடத்திலும் இடம்பெறாத, பஸ்திகள் எனப்படும் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். தன் பொறுப்பு இதுவரைக்கும்தான் என்று டாடா நிறுவனம் போட்ட கோடுதான் அந்த ஊருக்கு உருவம் கொடுத்தது என்பது என் வாதம். கோட்டுக்கு உள்ளே விளைந்த நல்லதும் வெளியே விளைந்த சீர்கேடும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள்.

டாடா எஃகு ஆலை ஏன் அந்த இடத்துக்கு வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் குருமஹிசானி மலையில் இரும்புத்தாது இருக்கிறது என்று நிலவியலாளர் பிரமதநாத் போஸ் 1904இல் எழுதிய கடிதம் டாடாக்களின் பார்வையை அந்தப் பக்கம் திருப்பியது. ஆலைக் கனவைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடா அதே ஆண்டு காலமாகிவிட்டார். வடக்கே ஜரியாவில் நிலக்கரி, தெற்கே தாது, நடுவே சுவர்ணரேகாவும் கர்க்காயும் கூடும் இடத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர், பக்கத்திலேயே வங்க நாக்பூர் ரயில்வேயின் காலிமாட்டி நிலையம்: சாக்சி என்ற சிற்றூர் இப்படித்தான் தேர்வானது. லண்டன் பணக்காரர்கள் கைவிரித்த பிறகு பங்குகள் பம்பாயில் விற்பனைக்கு வந்தன. மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் முழு முதலையும் போட்டுவிட்டார்கள். 1907 ஆகஸ்டில் நிறுவனம் பதிவானது. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதற்கு மறு ஆண்டு அது. அவருடைய கப்பலுக்குப் பங்கு வாங்கியவர்களையும் சாக்சி ஆலைக்குப் பணம் போட்டவர்களையும் அசைத்தது ஒரே காற்று. கப்பல் கம்பெனியை அரசு நசுக்கியது, எஃகு ஆலையை அரசு தன் தண்டவாளத் தேவைக்காக அணைத்துக்கொண்டது. 1911 டிசம்பரில் ஊது உலை எரிந்தது, 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வந்தது. முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்குத் தண்டவாளம் அனுப்பிய நன்றிக்காக வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு 1919 ஜனவரியில் நேரில் வந்து சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காலிமாட்டி நிலையம் டாடாநகர் ஆயிற்று.

இனி கோட்டுக்கு வருவோம். ஜாம்ஷெட்ஜி 1902இல் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தை இந்த ஊரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். தெருக்கள் அகலமாக இருக்கட்டும், சீக்கிரம் வளரும் நிழல் மரங்களை நடு, புல்வெளிக்கும் பந்து விளையாட்டுக்கும் இடம் விடு, கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் நிலம் ஒதுக்கு என்பது அதன் சாரம். தொழிற்சாலை என்றாலே கரி படிந்த சேரி என்றிருந்த காலத்தில் ஒரு முதலாளி இப்படி எழுதியது பெரிய விஷயம்தான். ஆனால் எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்த வரிகளில் ஆலையில் நேரடி வேலை கிடைக்காதவர்கள் எங்கே இருப்பார்கள் என்ற கேள்வி இல்லை. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டு முதற்கட்டமாக 1909இல் 3,500 ஏக்கருக்கு மேல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஹோ, சந்தால், பூமிஜ் மக்கள். ஆலையை வடிவமைத்த பிட்ஸ்பர்க் பொறியாளர்களே ஊருக்கும் முதல் வரைபடம் போட்டார்கள். வடக்கே காற்றோட்டமான மேட்டில் வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பங்களா, அடுத்த வரிசையில் எழுத்தர்களுக்கும் தேர்ந்த தொழிலாளர்களுக்கும் வீடு என்று பதவிக்குத் தக்கபடி குடியிருப்பு அமைந்தது. மண் சுமந்த ஆதிவாசி ஆணுக்கும் ரெஜா என்று அழைக்கப்பட்ட பெண்ணுக்கும் குடிசைதான். 1911இல் 6,000 பேர்கூட இல்லாத இடத்தில் 1921இல் 57,000 பேர் இருந்தார்கள். வீடு கட்டும் வேகம் ஆள் வரும் வேகத்தை ஒருபோதும் எட்டிப் பிடிக்கவில்லை.

இதைத் திட்டமிட்டவர்களின் தவறாகச் சொல்லிவிட முடியாது. 1920களில் எஃப். சி. டெம்பிள், 1930களில் பி. ஜி. டபிள்யூ. ஸ்டோக்ஸ், 1940களில் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்று கெட்டிக்காரர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். கோனிக்ஸ்பெர்கர் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். பிற்பாடு புவனேஸ்வருக்குத் திட்டம் தீட்டியவரும் அவரே. பள்ளிக்கூடமும் கடையும் நடந்துபோகும் தொலைவில் இருக்கும் சிறு சிறு குடியிருப்புகளாக ஊரைப் பிரிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு திட்டமும் முந்தியதைவிட அறிவார்ந்ததாக இருந்தது. ஆனால் எல்லோருடைய பென்சிலும் கம்பெனி நிலம் முடியும் இடத்தில் நின்றாக வேண்டும். அந்த நிலத்துக்கு அப்பால், கம்பெனியின் கூலியை நம்பி, ஆனால் கம்பெனியின் சாக்கடையும் குழாயும் எட்டாமல், இன்னோர் ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய ஜுக்சலாய் வணிகர்களின் ஊராகப் பெருகி 1924இல் தனி நகராட்சியாயிற்று. அதே ஆண்டில் ஜாம்ஷெட்பூருக்கு அரசு அமைத்ததோ தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி அல்ல. அறிவிக்கப்பட்ட பகுதிக் குழு என்ற நியமன அமைப்பு. ஓர் ஆண்டில், ஒரே வட்டாரத்தில், பக்கத்துப் பக்கத்து மக்களுக்கு இரண்டு வகைக் குடியுரிமை பிறந்தது. பின்னர் சுவர்ணரேகாவுக்கு அக்கரையில் மாங்கோவும் கர்க்காய்க்கு அக்கரையில் ஆதித்யபூரும் இதே இலக்கணத்தில் வளர்ந்தன. ஆதித்யபூர் இன்று வேறு மாவட்டத்தில்கூட இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் தண்ணீருக்கும் குப்பைக்கும் பொறுப்பு வேறு ஆள்.

கோடு நிலத்தில் மட்டும் விழவில்லை, ஆட்களின் நடுவிலும் விழுந்தது. எட்டு மணி நேர வேலை இங்கே 1912இல் வந்தது. வைப்பு நிதியும் சம்பளத்தோடு விடுப்பும் 1920இல், மகப்பேற்று உதவி 1928இல், லாபத்தில் பங்கு 1934இல். வைப்பு நிதியை நாடு முழுவதற்கும் சட்டமாக்க இந்தியா 1952 வரை காத்திருந்தது. சமூக நலத் திட்டத்துக்கு ஆலோசனை கேட்டு இங்கிலாந்தின் சிட்னி வெப், பீட்ரிஸ் வெப் தம்பதியை நாடிய நிறுவனம் இது. இவை எல்லாம் தானமாக வந்தவை என்ற பேச்சு மட்டும் எனக்கு உவப்பில்லை. 1920இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1922இல் மறுபடி வேலைநிறுத்தம், அதன் பின் சி. எஃப். ஆண்ட்ரூஸ் தொழிற்சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1925இல் காந்தி வந்து சங்க அங்கீகாரத்துக்கு வழி செய்தார். 1928இல் மாதக்கணக்கில் நீண்ட போராட்டத்தில் சுபாஷ் சந்திர போஸ் நின்றார். கேட்டு வாங்கியது பாதி என்றாவது நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சலுகைகள் கம்பெனியின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே உரியவை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நின்றவர், அவர்களுக்குச் சோறு விற்றவர், துணி வெளுத்தவர், ரிக்‌ஷா ஓட்டியவர் யாரும் அதில் சேர்த்தியில்லை. வேலையே வாரிசு வழியில் பிள்ளைக்கும் போகும் வழக்கம் வந்தபிறகு உள்ளே இருப்பவர் குடும்பம் உள்ளேயும் வெளியே இருப்பவர் குடும்பம் வெளியேயும் உறைந்துபோயின.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. இந்திய நகராட்சிகளின் லட்சணம் நமக்குத் தெரியாததா? தேர்தல் நடக்கிறது, மேயர் இருக்கிறார், வார்டு உறுப்பினர் இருக்கிறார், ஆனால் மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. ஜாம்ஷெட்பூரின் கம்பெனிப் பகுதியிலோ சாலை சீராக இருக்கிறது, மின்சாரம் நிற்பது அபூர்வம், குழாய்த் தண்ணீரின் தரத்தைப் பற்றி அங்கிருப்பவர்கள் கவலைப்படுவதில்லை. பொன்விழாவுக்காக நிறுவனம் கொடுத்த ஜூபிலி பூங்காவை நேரு 1958இல் திறந்துவைத்தார். மைசூர் பிருந்தாவனத்தைப் பார்த்து அமைத்த அந்தப் பூங்கா இன்றும் வாடாமல் இருக்கிறது. எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரியை ஏசு சபையார் 1949இல் இங்கே தொடங்கியதும் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடம் 1950இல் இங்கே வந்ததும் ஆலை இருந்ததால்தான். நாலாபக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊர் இது. கத்மாவில் தட்சிண பாரத மகிளா சமாஜம் நடத்தும் பள்ளிகளைப் பார்த்தால் தென்னாட்டவர்கள் அங்கே எவ்வளவு ஆழமாக வேர்விட்டார்கள் என்பது தெரியும். இத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு கைச்சாமர்த்தியம் இருக்கிறது. ராஞ்சியையோ தன்பாத்தையோ எடைபோடும்போது ஊரின் கடைக்கோடிச் சேரியையும் சேர்த்து எடைபோடுகிறோம். ஜாம்ஷெட்பூரை எடைபோடும்போது மாங்கோவையும் ஜுக்சலாயையும் பஸ்திகளையும் கழித்துவிட்டுப் பார்க்கிறோம். எந்த நகராட்சியையும் தன் ஏழைப் பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ள அனுமதித்தால் அதுவும் நன்றாகத்தான் தெரியும். ஆலைக்கும் ஊருக்கும் வேண்டிய நீரைத் தேக்கும் டிம்னா ஏரி 1940களில் கட்டப்பட்டபோது தண்ணீருக்கடியில் போன கிராமங்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது மறுப்பு: வெளியே வளர்ந்ததற்கு அரசுதானே பொறுப்பு, கம்பெனி என்ன செய்யும்? இதில் பாதி நியாயம் உண்டு, சொல்லப்போனால் பாதிக்கும் மேலேயே உண்டு. பிகார் அரசும் பின்னர் ஜார்கண்ட் அரசும் ஜாம்ஷெட்பூரைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்ற நிம்மதியில் தங்கள் வேலையைச் செய்யாமல் விட்டன. ஆனால் கோட்டைப் போட்டதில் இருவருக்கும் பங்கு இருக்கிறது என்பதை ஆவணங்கள் சொல்கின்றன. 1950ஆம் ஆண்டு பிகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. அந்த ஊரில் டாடா நிறுவனமே நில உடைமையாளர். 1972இல் சட்டத்தைத் திருத்தி நிறுவனத்தை அரசின் குத்தகைதாரர் ஆக்கினார்கள். 1985இல் கையெழுத்தான குத்தகை 1956 முதல் 40 ஆண்டுக்கு என்று பின்தேதியிட்டது. 2005இல் புதுப்பித்த குத்தகை 1996 ஜனவரி முதல் 30 ஆண்டுக்கு. அந்தப் புதுப்பித்தலின்போது 86 பஸ்திகள் இருந்த நிலம் குத்தகையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அதுவரை காகிதத்திலாவது கம்பெனி நிலத்தில் இருந்தவர்கள் ஒரு கையெழுத்தில் அரசு நிலத்து ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அவர்களுடைய வீட்டுக்குப் பட்டா தருவோம் என்பது அந்த ஊரில் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலின் வாக்குறுதி. அரசு ஏன் ஏற்றுக்கொண்டது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். கம்பெனிக்கு அது ஏன் வசதியாக இருந்தது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். குடிமைச் சேவை கொடுப்பது குத்தகையோடு வரும் கடமை என்றால், கடமையின் பரப்பைக் குறைக்கும் எளிய வழி நிலத்தின் பரப்பைக் குறைப்பது.

மூன்றாவது மறுப்பை நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் அது அந்த ஊர்க்காரர்களிடமிருந்தே வருகிறது. எங்களுக்கு மாநகராட்சி வேண்டாம் என்று பலமுறை அவர்களே எதிர்த்திருக்கிறார்கள். மாநகராட்சி அமைக்க அரசு எடுத்த முயற்சிகள் ஒவ்வொன்றும் எதிர்ப்பிலும் நீதிமன்றத்திலும் சிக்கி நின்றன. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைக் கட்டாயமாக்கியது. ஆனால் 243கியூ பிரிவில் ஒரு விலக்கும் வைத்தது. ஒரு தொழில் நிறுவனம் குடிமைச் சேவைகளை அளித்துவருகிற இடத்தை ஆளுநர் தொழில் நகரியம் என்று அறிவிக்கலாம், அங்கே நகராட்சி வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் ஜார்கண்ட் அரசு இந்த வழியைப் பிடித்து ஜாம்ஷெட்பூரைத் தொழில் நகரியம் ஆக்கியது. வார்டுவாரியாகத் தேர்தல் கிடையாது. வேண்டாம் என்று சொல்பவர்களின் அச்சம் பொய்யானதல்ல: மாநகராட்சி வந்தால் வரி வரும், தண்ணீர் போய்விடும் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். நல்ல குழாய் இருக்கிற தெருவில் அந்தக் கணக்கு சரியாகவே வரும். குழாய் இல்லாத பஸ்தியில் அதே கேள்வியைக் கேட்டால் வேறு விடை வரும். ஊர் முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதற்கான மன்றம்தான் அங்கே இல்லை. தவிர, நகராட்சி என்பது குப்பை அள்ளும் இயந்திரம் மட்டும் அல்ல. வசதி உள்ள தெரு வசதி இல்லாத தெருவுக்கும் சேர்த்து வரி கட்டும்படி செய்கிற ஏற்பாடு. ஜாம்ஷெட்பூரில் அந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டாகத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. கம்பெனி கொடுத்த நல்ல தண்ணீரே அதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகவும் ஆயிற்று.

1991க்குப் பிறகு இந்தப் பழைய உடன்பாடும் மாறத் தொடங்கியது. அதுவரை கோட்டுக்கு உள்ளே இருப்பதன் பொருள் எளியது: ஆலையில் வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸ், டாடா மருத்துவமனை. உலகச் சந்தையில் போட்டி வந்ததும் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. ஓய்வு வயது வரை மாதாமாதம் பணம் தருகிறோம், முன்கூட்டியே விலகிக்கொள்ளுங்கள் என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆள்பலம் ஏறத்தாழப் பாதியாயிற்று; உற்பத்தியோ ஏறியது. பிற இடங்களில் ஆலைகள் செய்ததைவிட மனிதத்தன்மையோடு இது நடந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதன் பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், துப்புரவு எல்லாவற்றையும் 2004இல் ஜஸ்கோ என்ற துணை நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். தொழிலாளியாக இருந்து பெற்றதை இனி வாடிக்கையாளராக இருந்து பெறலாம். சேவை கெடவில்லை, சில இடங்களில் மேம்பட்டது. ஆனால் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, 1928 இருந்தது. வாடிக்கையாளருக்குப் புகார் எண் இருக்கிறது. புதிய வேலைகள் எங்கே உண்டாயின என்று பார்த்தால், ஜாம்ஷெட்பூரிலேயே உள்ள லாரி ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் ஆதித்யபூரின் சிறு பட்டறைகளில். கோட்டுக்கு வெளியே. லாரி விற்பனை சரிந்தால் முதல் வாரத்திலேயே அங்கே ஷிஃப்ட் குறைகிறது.

தனியார் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் தன் ஊழியர்களுக்குக் கட்டியதை ஏன் இவ்வளவு கேள்வி கேட்க வேண்டும் என்று ஒருவர் கடைசியாகக் கேட்கலாம். சொந்தப் பணம் என்பது அவ்வளவு தெளிவான சொல் அல்ல. நிலம் பொது நோக்கத்துக்கான சட்டத்தின் மூலம் வந்தது. முதல், சுதேசி உணர்ச்சியில் எண்ணாயிரம் இந்தியர் கொடுத்தது. 1924இல் மலிவான வெளிநாட்டு எஃகு ஆலையை மூடும் நிலைக்குத் தள்ளியபோது தோராப்ஜி தன் சொந்தச் சொத்தை, மனைவியின் வைரத்தையும் சேர்த்து, அடகு வைத்துக் கடன் வாங்கினார். அது அவருடைய பெருமை. அதே 1924இல் மத்திய சட்டமன்றம் எஃகுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி இறக்குமதிக்கு வரி போட்டது. அந்த வரியின் சுமையை எஃகு வாங்கிய நாடே சுமந்தது. இப்படி உயிர்பிழைத்த நிறுவனத்தின் ஊரில் பொதுமக்களுக்குப் பேச உரிமை உண்டு. தமிழ்நாட்டில் நமக்கு நெய்வேலி இருக்கிறது. அரசு நிறுவனமே கோடு போட்டாலும் நகரியத்துக்கு உள்ளே ஒரு வாழ்க்கை, நிலம் கொடுத்த கிராமங்களில் ஒரு வாழ்க்கை என்று ஆவதை நாம் பார்க்கிறோம். ஆகவே இது தனியார், பொதுத்துறை என்ற பட்டிமன்றத் தலைப்பு அல்ல.

2005இல் புதுப்பித்த குத்தகையின் 30 ஆண்டுத் தவணை 2025 டிசம்பர் 31ஓடு தீர்ந்தது. அதற்கு அடுத்த குத்தகையைப் பற்றிய பேச்சில் எத்தனை ஏக்கர், என்ன வாடகை, எவ்வளவு நிலுவை என்பவைதான் முன்னுக்கு வரும். அரசுக்கும் கம்பெனிக்கும் இடையில் அவை இயல்பான கேள்விகள். அந்த மேசையில் மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்தால் அங்கே உட்காருபவர் கேட்க வேண்டியது வேறு. 86 பஸ்திகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள்? ஒரே ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரை மாங்கோவுக்கும் ஜுக்சலாய்க்கும் ஆதித்யபூருக்கும் சேர்த்துச் சுத்திகரித்து அனுப்ப ஒரே அமைப்பு ஏற்படுமா, அதன் செலவில் ஆலையின் பங்கு எத்தனை விழுக்காடு? அந்த அமைப்பில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் எத்தனை பேர்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்தாகும் எந்தக் குத்தகையும் 1909ஆம் ஆண்டுக் கோட்டையே புதிய முத்திரைத்தாளில் இன்னொரு முறை போடுவதாகும்.